சனதும் பட்டமும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், உத்தரப் பிரதேச மதரஸா கல்வி வாரியச் சட்டம் குறித்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நம்மவரிடையே பெரும்பாலும் ஒரு வெற்றிச் செய்தியாகவே பேசப்பட்டது. அவ்வாறு பேசப்பட்டதற்குக் காரணமும் உண்டு. அதே ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2004ஆம் ஆண்டின் அச்சட்டம் முழுவதையுமே செல்லாது எனத் தள்ளியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, மதரஸாக்களில் பயிலும் பிள்ளைகள் தகுதியான கல்வியைப் பெறுவதை உறுதி செய்யும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்றும், அப்பொறுப்பை நிறைவேற்றும் கருவியாகவே அச்சட்டம் அமைந்துள்ளது என்றும் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் அத்தீர்ப்புக்கு மற்றொரு பகுதியும் உண்டு. அதனைப் பலர் விரைந்து கடந்து சென்றனர். இளங்கலைக்கு நிகராகக் கருதப்பட்ட ‘காமில்’, முதுகலைக்கு நிகராகக் கருதப்பட்ட ‘ஃபாஜில்’ ஆகிய இரண்டையும் வழங்கும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை என்று அப்பகுதி கூறிற்று. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், நாடாளுமன்றத்தால் தனியே அதிகாரமளிக்கப்பெற்ற நிறுவனமுமே பட்டம் வழங்கலாம். உயர்கல்வியின் தரத்தை வரையறுப்பது ஒன்றிய அரசின் அதிகாரப் பட்டியலில் இருப்பதால், ஒரு மாநிலச் சட்டம் அதனை மீற இயலாது. வாதம் தெளிவானது. சட்ட நோக்கில் அதனைக் குறை கூற நமக்கு இடமில்லை.

தமிழகத்தில் உத்தரப் பிரதேசத்தைப் போன்ற மதரஸா வாரியச் சட்டம் இல்லை. எனவே இத்தீர்ப்பு நம் அரபுக் கல்லூரிகளை நேரடியாகத் தொடவில்லை. நம் மவ்லவி ஆலிம் சனதுகள் சட்டத்தின் முன் பட்டமென்று என்றுமே உரிமை கோரியதில்லை. ஆனால் அத்தீர்ப்பு எழுப்பிய வினா நம் வாயிலிலும் நெடுங்காலமாக நின்றுகொண்டிருக்கிறது. ஏழாண்டுகள் இரவும் பகலும் ஓதி முடித்த ஓர் இளைஞரின் கல்வி, உயர்கல்வி எனும் பெருங்கூடத்தில் எந்த இடத்தைப் பெறுகிறது? இவ்வினாவை அரசின் பக்கமிருந்தும் நம் பக்கமிருந்தும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரி வாயிலில் ஓர் இளைஞர்

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரை இங்கு நினைவுகூர வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்துப் பதின்மூன்றாம் வயதில் வந்து சேர்ந்தார். இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யாவை மனனமாகச் சொல்வார். ஜலாலைன் தஃப்ஸீரில் ஒரு வாக்கியத்தின் எழுவாய் எது, பயனிலை எது என்று வகுப்பில் நம்மையே இடைமறித்துக் கேட்பார். இருபதாம் வயதில் சனது பெற்றார். அதன்பின் அரபி இளங்கலை படிக்க விரும்பி ஒரு கல்லூரிக்குச் சென்றார். அலுவலகத்தில் அவரிடம் கேட்கப்பட்டது மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ். அது அவரிடம் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழும் இல்லை.

அவர் சேர முடியாமற்போன அவ்வகுப்பின் முதலாண்டு அரபிப் பாடநூலை நாம் அறிவோம். எழுத்தறிமுகத்தை அடுத்து, ‘இது வீடு, அது பள்ளி’ என்ற அளவில் தொடங்கும் நூல் அது. அதனைக் கற்பிக்கத் தகுதியுள்ளவர் அதனைக் கற்கத் தகுதியற்றவராக வெளியே நின்றார்.

இந்நிகழ்ச்சியில் அந்த அலுவலரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர் விதியைப் பின்பற்றினார், அவ்வளவே. அம்மாணவரைச் சேர்க்க வந்தபோது அவருடைய தந்தை, “பள்ளிப் படிப்பு என்னாகும் ஹஜ்ரத்?” என்று கேட்டார். “முதலில் ஓதட்டும், மற்றதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விடையளித்தவர் நாமே. ஏழாண்டுகள் கழிந்தன, அந்தப் ‘பின்னர்’ வரவேயில்லை. நாமோ மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தபோதே தனித்தேர்வராகப் பள்ளித் தேர்வுகளை எழுதி, பிறகு பல்கலைக்கழகம் சென்று முதுகலை பெற்றவர். நமக்குத் திறந்த வழியை நம் மாணவருக்குச் சொல்லாமல் விட்டோம். இக்கட்டுரையில் நாம் பிறர் மீது வைக்கும் ஒவ்வொரு குறையையும் இந்த ஒப்புதலோடு சேர்த்தே வாசகர்கள் எடை போட வேண்டுகிறோம்.

சனது என்பது யாது? பட்டம் என்பது யாது?

இவ்விரண்டையும் நிகர்ப்படுத்த வேண்டும் என்பது நம் மேடைகளில் பன்னெடுங்காலமாக எழும் கோரிக்கை. 2006ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கையும், மதரஸாச் சான்றிதழ்களுக்கு உயர்கல்விச் சேர்க்கையில் நிகர்மதிப்பு அளிக்கப் பரிந்துரைத்தது. அக்கோரிக்கையின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சனதும் பட்டமும் ஒரே பொருளின் இரு பெயர்கள் என்ற கருத்து அதனுள் மறைந்திருக்கிறது. அதனை நாம் ஏற்கவில்லை.

சனது என்பது ஆசிரியர் தொடரைக் குறிப்பது. ‘இந்நூலை யாரிடம் ஓதினாய்? அவர் யாரிடம் ஓதினார்?’ என்ற வினாவுக்கு அது விடை. இஜாஸா எனும் பழைய வழக்கில் அனுமதி வழங்கியவர் ஆசிரியரே, கட்டடமன்று, நிறுவனமன்று. ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் தொடர் பற்றிய கவனமே கல்வி வழங்கும் முறையாகவும் மலர்ந்தது. பட்டமோ, ‘எந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனத்தில், எத்தனை ஆண்டுகள், எந்தத் தேர்வுகளை எழுதித் தேறினாய்?’ என்ற வினாவுக்கு விடை. ஒன்று ஆளுக்கு ஆள் கைமாறும் நம்பிக்கை. மற்றொன்று அரசு முத்திரை பெற்ற அளவை. ஒன்றின் விடையை மற்றொன்றின் வினாவுக்கு எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்பதில் வியப்பில்லை.

ஆகவே சனதைப் பட்டமாக்குக என்று கேட்பதைவிட, சனது பெறும் மாணவர் பட்டத்தையும் பெறுவதற்கு வழி விடுக என்று கேட்பதே பொருத்தம். முன்னதைக் கேட்டால், நிகர்மதிப்பளிப்போர் பாடத்திட்டத்தையும் வரையறுப்பர். அது நியாயமும் ஆகும். பின்னதைக் கேட்டால், சனது தன் இயல்பிலேயே நிற்கும். மாணவரின் கையில் மற்றொரு சான்றும் இருக்கும்.

பன்மை என்ற சொல்லும் கொள்கையின் செயலும்

இனி அரசின் பக்கத்தைக் காண்போம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் படிப்போர், பன்மை, பல்துறை, நெகிழ்வு ஆகிய கருத்துகள் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பர். மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கும் வங்கி, பாதியில் விலகியோர் மீண்டும் சேரும் வசதி, இந்திய அறிவு மரபுகளுக்குப் பாடத்திட்டத்தில் இடம் ஆகியன அதன் பின்னர் ஒவ்வொன்றாக நடைமுறைக்கு வந்தன. இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் இந்தப் பன்மையின் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

பாலி, பாரசீகம், பிராகிருதம் ஆகியவற்றுக்கு நிறுவனம் அமைக்க அக்கொள்கை முன்வருகிறது. பாரசீகம் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. மேல்நிலையில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகக் கொரிய மொழி, ஜப்பானிய மொழி, தாய் மொழி, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ரஷ்ய மொழி ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. அரபி அப்பட்டியலில் இல்லை. இலட்சக்கணக்கான இந்தியர் பணிபுரியும் வளைகுடா நாடுகளின் மொழியும், ஐக்கிய நாடுகள் அவையின் அலுவல் மொழிகளுள் ஒன்றுமாகிய அது, எடுத்துக்காட்டாகக் கூட நினைவுக்கு வரவில்லை. அப்பட்டியல் முற்றுப்பெற்றதன்று எனச் சிலர் அமைதி கூறலாம். ஆனால் நினைவுக்கு வருவது எது, வராதது எது என்பதிலேதான் ஒரு கொள்கையின் உள்ளக்கிடக்கை வெளிப்படும்.

இந்திய அறிவு மரபு என்னும் தலைப்பிலும் இதே மறதியைக் காண்கிறோம். நம் மதரஸாக்களில் வழங்கும் நிஸாமிய்யாப் பாடத்திட்டம் அரபு நாட்டிலிருந்து இறக்குமதியானதன்று. 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபிரங்கி மஹல் எனும் இல்லத்தில் முல்லா நிஸாமுத்தீன் வகுத்தது. இலக்கணம், சட்டம் ஆகியவற்றோடு தர்க்கம், தத்துவம், கணிதம், வானியல் ஆகியவையும் அதில் இடம்பெற்றிருந்தன. அதில் ஓதப்படும் தர்க்க நூலான சுல்லமுல் உலூமை இயற்றிய முஹிப்புல்லாஹ் பீகாரைச் சேர்ந்தவர். தென்னகத்தில் ஷாஃபிஈ சட்டம் பயில்வோர் ஓதும் ஃபத்ஹுல் முயீன், மலபாரின் பொன்னானியில் 16ஆம் நூற்றாண்டில் ஸைனுத்தீன் மக்தூம் எழுதியது. தென்கிழக்காசிய நாடுகள் வரை பரவியது. நம் காயல்பட்டினத்து சதக்கத்துல்லாஹ் அப்பா 17ஆம் நூற்றாண்டில் அரபியில் கவி பாடினார். தமிழை அரபி எழுத்தில் வரைந்த அரபுத்தமிழ் நூல்கள் இன்னமும் பல இல்லங்களின் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. இவை இந்திய மண்ணில், இந்தியர் கைகளால் தோன்றியவை. இந்திய அறிவு மரபு என்னும் வாசகம் இவற்றையும் தழுவுமாயின், அதற்குரிய பாடங்களும் பதவிகளும் எங்கே என்று நாம் வினவுகிறோம்.

எண்ணிக்கையும் இதற்குச் சான்று பகர்கிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் 14.2 விழுக்காடு. அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி 2019-20இல் உயர்கல்வி பயின்ற முஸ்லிம் மாணவர் ஏறத்தாழ 21 இலட்சம். 2020-21இல் அது 19.21 இலட்சமாகக் குறைந்தது. மற்றப் பின்தங்கிய பிரிவினரின் எண்ணிக்கை ஏறிய அதே ஆண்டில் இது நிகழ்ந்தது. 2021-22இல் 21.08 இலட்சமாக மீண்டபோதும், மொத்த மாணவரில் அது 5 விழுக்காட்டை எட்டவில்லை. முதன்மைக் கல்லூரிகளின் இளங்கலை மாணவர் 25 பேரில் ஒருவரே முஸ்லிம், முதுகலையில் 50 பேரில் ஒருவரே என்று சச்சார் குழு எழுதியதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை இதுவே. இத்தகைய காலத்தில்தான், 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை, பிற திட்டங்களோடு ஒன்றின் மேல் ஒன்றாக அமைகிறது என்ற காரணம் காட்டி 2022இல் நிறுத்தப்பட்டது. மதரஸாவிலிருந்து பல்கலைக்கழகம் சென்று அரபி, இஸ்லாமியவியல் துறைகளில் ஆய்வு மேற்கொள்ளும் ஏழை மாணவருக்கு அத்தொகை பல வேளைகளில் உணவும் உறைவிடமுமாக இருந்தது என்பதை அத்துறை ஆசிரியர்கள் அறிவர்.

ஒரே விதை, இரு விளைச்சல்

அரசைக் குறை கூறுவதோடு நின்றுவிட்டால் பாதி உண்மையையே சொன்னவர் ஆவோம். சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வழி காண முடியும் என்பதற்கு நம் அண்டை மாநிலமே சான்று.

பிரிட்டிஷார் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் கீழைமொழிகளுக்கெனச் சிறப்புத் தேர்வுகளை நடத்தியது. தமிழுக்கு வித்துவான், சமஸ்கிருதத்துக்குச் சிரோமணி, அரபிக்கு அஃப்ஸலுல் உலமா. மரபு வழியில் கற்றவரைப் பல்கலைக்கழகம் தன் முத்திரையோடு ஏற்றுக்கொண்ட அருமையான ஏற்பாடு அது. அதன்பின் இவை சென்ற வழிகளைப் பாருங்கள். வித்துவான் ‘புலவர்’ ஆயிற்று. தமிழ்ச் சான்றோரின் இடைவிடா முயற்சியால் பி.லிட். எனும் முறையான பட்டமாக வளர்ந்தது; பள்ளிதோறும் தமிழாசிரியர் பணிக்கு வாயிலாயிற்று. அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த மலபாரில் அஃப்ஸலுல் உலமாவுக்கும் அதே நல்லூழ் வாய்த்தது. 1968இல் தோன்றிய கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் அது இளங்கலைப் பட்டமாகவே உயர்ந்தது. அரசு உதவி பெறும் அரபுக் கல்லூரிகள் அப்பட்டத்தைக் கற்பிக்கின்றன. அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்பிலிருந்தே அரபி கற்பிக்கப்படுவதால் பட்டம் பெற்றோருக்குப் பணியும் உண்டு. பள்ளியில் பணி இருந்தது. பணிக்குப் பட்டம் வேண்டியிருந்தது. பட்டத்துக்காக அரபுக் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

தமிழகத்தில் அதே அஃப்ஸலுல் உலமா ஒரு கீழைமொழித் தேர்வு என்ற நிலையைக் கடந்து செல்லவில்லை. 1927இலேயே அரபி, பாரசீகம், உருது ஆகியவற்றுக்குத் துறை கண்ட பல்கலைக்கழகம் சென்னையில் இருந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), சென்னை புதுக்கல்லூரி (1951), திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி (1951), அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி (1955) எனச் சமுதாயப் புரவலர்கள் கலைக் கல்லூரிகளை நிறுவினர். வேலூர் பாக்கியாத்தும், 1924இல் தோன்றிய உமராபாத் தாருஸ்ஸலாமும் மார்க்கக் கல்வியில் நாடறிந்த பெயர் பெற்றன. கலைக் கல்லூரியும் அரபுக் கல்லூரியும் நமக்கு உண்டு. சில ஊர்களில் ஒரே தெருவில் உண்டு. பல இடங்களில் ஒரே குடும்பத்தாரின் கொடையால் நடப்பன. ஆனால் இரண்டுக்கும் இடையே நடந்து செல்ல ஒரு பாலம் இல்லை. அப்பாலத்தைக் கட்டவிடாமல் எந்தச் சட்டமும் நம்மைத் தடுக்கவில்லை.

வடக்கிலும் முன்மாதிரிகள் உண்டு. 1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் நிறுவிய கல்கத்தா மதரஸா, 2007ஆம் ஆண்டு மேற்கு வங்கச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் ஆலியா பல்கலைக்கழகமாயிற்று. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் மதரஸாவில் ஓதி முடித்தோருக்கென ஓராண்டு இணைப்புப் படிப்பைத் தொடங்கி, அவர்கள் சமூகவியல், சட்டம் முதலிய துறைகளுக்குச் செல்ல வழி செய்தது. சட்டமன்றத்தின் சட்டமும் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்குமிடத்தில் 22ஆம் பிரிவு தடையாக நிற்பதில்லை.

நம் பக்கத்துக் குறை

நம் பெரியோர் சிலர் இத்தகைய ஏற்பாடுகளைத் தயக்கத்தோடு நோக்குகின்றனர். அவர்களின் அச்சங்கள் இரண்டு. ஒன்று, உலகக் கல்வி நுழைந்தால் மாணவரின் நிய்யத் கெட்டுவிடும். ஓதலை இடையில் விட்டுச் செல்வர். மற்றொன்று, பல்கலைக்கழகத்தோடு உறவு கொண்டால் அரசு நம் பாடத்திட்டத்தில் கை வைக்கும். இவ்வச்சங்களை எள்ளி நகையாடுவது அறிவுடைமையன்று. 1857க்குப் பின் அனைத்தையும் இழந்த நிலையில், மார்க்க அறிவையாவது காக்க வேண்டும் என்ற தவிப்பிலிருந்து பிறந்தவை அவை. அத்தவிப்பாலேயே இன்று நாம் ஓதுவதற்கு நூலும் உஸ்தாதும் எஞ்சியிருக்கின்றனர்.

எனினும் முதல் அச்சத்துக்கு விடை உண்டு. வேறு எங்கும் செல்ல வழியில்லாததால் நம்மிடம் இருக்கும் மாணவரின் இருப்பை இக்லாஸ் எனக் கணக்கிட இயலாது. கல்லூரிக் கதவு திறந்திருந்தும் ஓதலைத் தேர்ந்துகொள்பவரே நாம் விரும்பும் ஆலிம். இரண்டாம் அச்சத்துக்கும் விடை உண்டு. சனதைப் பட்டமாக்கக் கோரினால்தான் பாடத்திட்டத்தை ஒப்படைக்க நேரும். மாணவர் தனியே பட்டம் பெறுவதால் நம் பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாறாது. அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் நிறுவனம் நிறுவி நிர்வகிக்கும் உரிமையைக் காக்கிறது. அவ்வுரிமையைக் கொண்டு மாணவரின் எதிர்காலத்தை அடைத்து வைக்க வேண்டும் என்பது அதன் பொருளாகாது.

பெண்களின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. கடந்த சில பத்தாண்டுகளில் தமிழகத்தின் ஊர்தோறும் மகளிர் அரபுக் கல்லூரிகள் தோன்றின. ஆலிமா சனது பெறும் இளம்பெண்கள் பெருகினர். ஆலிம் ஒருவருக்கு இமாமத் பணியேனும் உண்டு. ஆலிமாவுக்கு அதுவும் இல்லை. பள்ளியில் ஆசிரியையாகலாம் என்றால் பட்டம் வேண்டும். நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955இல் சென்னையில் மகளிர் கல்லூரி கண்டார்கள். அத்தலைமுறையின் துணிவு நம் மகளிர் மதரஸாக்களின் திட்டத்தில் இன்னும் முழுமையாக எதிரொலிக்கவில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அரபியில் முதுகலை பெற்றும், ஹரகத் இல்லாத ஒரு பக்கத்தைப் பிழையின்றிப் படிக்கத் தடுமாறுவோரை நேர்காணல்களில் நாம் கண்டதுண்டு. பல்கலைக்கழகத்துக்கு நம் மாணவர் தேவை. நம் மாணவருக்குப் பல்கலைக்கழகம் தேவை. ஒருவரிடம் ஆழ்ந்த வாசிப்பு உண்டு. மற்றவரிடம் ஆய்வு முறையும் பிறதுறை அறிவும் உண்டு. இவ்விரண்டும் ஒரே வகுப்பறையில் சந்திப்பதையே நாம் உயர்கல்வியின் பன்மை என்று கொள்கிறோம்.

செய்யத்தக்கவை

நம்மால் இன்றே இயல்வன சில உண்டு. முதலாவது, பத்தாம் வகுப்பும் மேல்நிலைத் தேர்வும் தேறாமல் எந்த மாணவரும் சனது பெற்று வெளியேறாதவாறு நம் கல்லூரிகள் விதி செய்துகொள்ள வேண்டும். தமிழக அரசு தனித்தேர்வர்களுக்கு இத்தேர்வுகளை நடத்துகிறது. அரசுப் பணிக்குப் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை கேட்கப்படுவதால், வரிசையைத் தாண்டிப் பெறும் பட்டம் பின்னர் மாணவரைக் கைவிட்டுவிடும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். இரண்டாவது, ஓதலின் இறுதி மூன்றாண்டுகளில் தொலைநிலைக் கல்வியிலோ அருகிலுள்ள கல்லூரியிலோ இளங்கலை பயில நேரம் ஒதுக்க வேண்டும். 2022 முதல் ஒரே காலத்தில் இரு பட்டப்படிப்புகளையே பயிலலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு இசைந்துள்ளது. சட்டத்தின் முன் பட்டமாகாத சனதோ எவ்வகையிலும் குறுக்கே நிற்பதில்லை. மூன்றாவது, நம் கலைக் கல்லூரிகளில் தன்னாட்சி பெற்றவை, சனது பெற்று மேல்நிலையும் முடித்தோருக்கென அரபி, இஸ்லாமியவியல் இளங்கலையில் தனிப் பாடப்பிரிவை வகுக்கலாம். அவர்கள் அறிந்ததை மீண்டும் கற்பிக்காமல், அறியாத வரலாறு, பொருளியல், ஆங்கிலம், தமிழ் இலக்கியம் ஆகியவற்றை அவ்விடத்தில் வைக்கலாம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. முன் கற்றவற்றுக்கு மதிப்பலகு வழங்க 2023ஆம் ஆண்டின் தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பு இடமளிக்கிறது. பட்டறையில் கற்ற தொழிலுக்கு மதிப்பலகு உண்டெனில், ஏழாண்டுகள் கற்ற இலக்கணத்துக்கும் தர்க்கத்துக்கும் பல்கலைக்கழகமே தேர்வு வைத்து மதிப்பலகு தரலாம். இதில் சலுகை ஏதும் இல்லை. கற்றதை அளந்து பார்க்கும்படியே வேண்டுகிறோம்.

நாம் குறிப்பிட்ட அம்மாணவர் பின்னர்த் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினார். அடுத்து மேல்நிலையும் எழுதினார். இளங்கலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. அந்த நான்கு ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பித் தருவது? நம் அரபுக் கல்லூரிகளில் சேர்க்கை ஷவ்வால் மாதத்தில் நடைபெறும். வரும் ஷவ்வாலில் ஒரு தந்தை நம்முன் அமர்ந்து, “பள்ளிப் படிப்பு என்னாகும்?” என்று கேட்கும்போது, ‘பின்னர்’ என்று சொல்லாமல், எந்த ஆண்டில் எந்தத் தேர்வு என்று எழுதிய தாளை அவர் கையில் கொடுக்க நாம் ஆயத்தமாக வேண்டும். பயனுள்ள கல்வியை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் அருள்வானாக.